மருத்துவமனைக்கு எதிரே ஒரு பர்கர் கடை

மார்ச் 3, செவ்வாய்

காலையில் பூசணிக்காய் சூப். மதியம் அரைத்த பருப்பு. மாலையில் வாழைப்பழம் அடித்த பால். மூன்றுக்கும் ஒரே சுவைதான், மிக்ஸியின் சுவை.

கண்ணாடிக்கடை முதலாளி போன் செய்தார். "அவசரமே இல்லம்மா, உடம்பு தேறட்டும். உன் இடம் அப்படியே இருக்கு." அப்படியே எங்கே இருக்கும்? நான் லென்ஸ் தேய்க்கிற மெஷின் மேல் இந்நேரம் யாராவது டீ டம்ளரை வைத்திருப்பார்கள். "சரிங்க" என்றேன். "ஷரிங்க" என்று போய்ச் சேர்ந்தது.

தாடை ஆபரேஷன் முடிந்து இன்றோடு ஏழு வாரம். இடது பக்கம் வளர்ந்திருந்த கட்டியை எலும்போடு எடுத்துவிட்டு, காலிலிருந்து ஒரு துண்டு எலும்பை வெட்டி வளைத்து அங்கே வைத்திருக்கிறார்கள். கெட்ட கட்டி இல்லை என்று சொல்லிவிட்டார்கள், அது போதும். இனி என் பேச்சில் கால் பங்கு நிஜமாகவே கால் பேசுவது. இதை அவரிடம் சொன்னேன். சிரித்துவிட்டு, சிரித்ததற்காக முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவர் என்றால் வீட்டுக்காரர்தான், இந்த நோட்டில் வேறு அவர் யாரும் கிடையாது. லிஃப்ட் பழுது பார்க்கிறவர். நான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று சொன்னார்: "நீ கடிச்சுச் சாப்பிடற வரைக்கும் நானும் எதையும் கடிக்க மாட்டேன்." வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். கேட்கவில்லை. அன்றிலிருந்து எனக்கு எதிரே உட்கார்ந்து அதே சூப்பைக் குடிக்கிறார். ஒவ்வொரு மிடறுக்கும் என்னைப் பார்த்துக்கொண்டு.

மார்ச் 5, வியாழன்

குச்சி டாக்டரிடம் போகும் நாள். உண்மையில் அவள் டாக்டர் இல்லை; வாய் திறக்கப் பயிற்சி கொடுக்கும் சின்னப் பெண். ஐஸ் குச்சி மாதிரி தட்டையான மரக்குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி என் பற்களுக்கு நடுவே செருகி, "இன்னொண்ணு போலாமாக்கா?" என்பாள். சிரித்த முகத்தோடு கேட்பாள், அதுதான் கொடுமை. இன்று பன்னிரண்டு. இருபது வந்தால் வாய் பழையபடி ஆகிவிட்டதாக அர்த்தமாம்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வலி மாத்திரை இறங்கியதும் உலகம் ஒரு வேகம் குறைந்துவிடுகிறது. மரங்கள் தண்ணீருக்குள் நிற்பது போல நிற்கின்றன. ஆஸ்பத்திரிக்கு நேர் எதிரே ஒரு பர்கர் கடை இருக்கிறது. சிக்னலில் பஸ் நின்றால் கண்ணாடி வழியாக முழுக் கடையும் தெரியும். கரும்பலகையில் சாக்பீஸ் எழுத்து. உயரமான ஸ்டூல்கள். திறந்த அடுப்படியில் ஒருவன் சூடான இரும்புக் கல்லில் கறி உருண்டையை வைத்து, பட்டைக் கரண்டியால் அழுத்துகிறான். ஆவி எழுந்து விளக்கு வெளிச்சத்தில் வெள்ளைத் துணி மாதிரி விரிகிறது. சத்தம் இல்லை, வாசனை இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வரிசையாக மனிதர்கள் வாயைத் திறக்கிறார்கள். எவ்வளவு பெரிதாக! எவ்வளவு அலட்சியமாக! ஒருத்தி பேசிக்கொண்டே திறந்தாள். ஒருவர் போனைப் பார்த்துக்கொண்டே.

பச்சை விழுந்து பஸ் கிளம்பியபோது என் வாயும் கொஞ்சம் திறந்திருந்தது.

மார்ச் 7, சனி

பகல் தூக்கத்தில் கனவு. ஒரு பன், வீடு அளவு பெரியது. மேலே எள் தூவியிருந்தது. ஒவ்வொரு எள்ளும் தலையணை அளவு. கதவு எதுவும் இல்லை, நான் பல்லால் கடித்துத்தான் உள்ளே போக வேண்டும். கடித்தேன். வலிக்கவே இல்லை. உள்ளே வெதுவெதுப்பு, மஞ்சள் வெளிச்சம், சுவரெல்லாம் உருகி வழியும் சீஸ். யாரோ பக்கத்து அறையில் மென்றுகொண்டிருந்தார்கள். யார் என்று பார்க்கப் போவதற்குள் விழித்துவிட்டேன்.

மார்ச் 10, செவ்வாய்

அவருடைய பெல்ட்டில் ஒரு துளை தள்ளிப் போட்டிருக்கிறார். வெளிப்பக்கமாக. சூப் குடித்தே ஒரு மனிதர் இப்படிப் பூரிப்பாரா? கேட்டேன். "தண்ணி உடம்பு" என்றார்.

மார்ச் 12, வியாழன்

குச்சி டாக்டருக்கு ஏதோ மீட்டிங். அரை மணி முன்னாலேயே அனுப்பிவிட்டாள். பன்னிரண்டிலேயே நிற்கிறேன்.

பஸ் சிக்னலில் நின்றது. வழக்கம்போல் கடையைப் பார்த்தேன். ஜன்னலோர ஸ்டூலில் அவர்.

முதலில் அவரைப் போலவே ஒருத்தர் என்றுதான் நினைத்தேன். சாம்பல் நிறச் சீருடை, சட்டைப் பையில் டெஸ்டர். நகரத்தின் அந்தக் கோடியில் வேலை என்று காலையில் சொல்லிவிட்டுப் போனவர். இரண்டு கையாலும் பர்கரைப் பிடித்துக்கொண்டு, முழங்கையை மேஜையில் ஊன்றி, கண்ணை மூடிக்கொண்டு கடிக்கிறார். சாஸ் மணிக்கட்டு வரை வழிகிறது. அதையும் நக்கிக்கொள்கிறார். எனக்கும் அவருக்கும் நடுவே பத்தடி, இரண்டு கண்ணாடி.

தட்டவில்லை. கூப்பிடவில்லை. கூப்பிட்டால் "ஷ" என்றுதானே வரும்.

மாலையில் வந்தார். எனக்கு எதிரே உட்கார்ந்து கேரட் சூப் குடித்தார். முழுக் கிண்ணம்.

மார்ச் 13, வெள்ளி

பொய்யர். பொய்யர். தின்னுட்டு வந்து என் முன்னாடி உட்கார்ந்து உறிஞ்சறாரே மனுஷன்!

மார்ச் 15, ஞாயிறு

இரண்டு நாள் கோபமாக இருந்து பார்த்தேன். நிற்கவில்லை. கோபத்துக்கு அடியில் வேறென்னவோ இருந்தது. இன்று துணி மடிக்கும்போது அது என்னவென்று தெரிந்தது. நிம்மதி. வெட்கமாக இருக்கிறது எழுத, ஆனால் நிம்மதிதான். ஏழெட்டு வாரமாக எனக்காக ஒருத்தர் பட்டினி கிடக்கிறார் என்ற பாரம் தோளில் இருந்தது. ஒவ்வொரு கரண்டி சூப்பையும் சீக்கிரம் குணமாக வேண்டுமே என்ற பயத்தோடு விழுங்கினேன். இப்போது தோளைத் தொட்டுப் பார்த்தால் தோள் மட்டும்தான் இருக்கிறது.

சொல்லலாமா? வேண்டாம். முதலில் நான் போய்ப் பார்க்க வேண்டும், அந்தக் கண்ணை மூட வைக்கிற சமாச்சாரம் என்னவென்று.

மார்ச் 17, செவ்வாய்

போனேன். தனியாக. மதியம் மூன்று மணி, கடையில் கூட்டம் இல்லை. வெயில் சாய்ந்து விழுந்து மேஜை மேலிருந்த கெச்சப் பாட்டில் ஒரு சிவப்பு விளக்கு மாதிரி எரிந்துகொண்டிருந்தது.

பச்சைத் தொப்பி போட்ட பெண் வந்தாள். "ஒரு பேட்டியா, ரெண்டு பேட்டியாம்மா?" என்றாள். எனக்கு விளங்கவில்லை. நான் எதற்குப் பேட்டி கொடுக்க வேண்டும்? அதையே கேட்டும் விட்டேன். அவள் சிரித்துக் குலுங்கி, "உள்ள வைக்கிற கறி வட்டும்மா. அதத்தான் பேட்டிங்கறது" என்றாள். என் பேச்சு குழறியதை அவள் கவனித்த மாதிரியே தெரியவில்லை. பாதிப் பேர் வாயில் உணவோடுதானே இங்கே பேசுகிறார்கள்!

மரப்பலகையில் வந்தது. வெண்ணெய் மினுங்கும் பன், ஓரத்தில் மொறுமொறுவென்று கருகிய கறி, தேன் நிறத்தில் வதங்கிய வெங்காயம், மேலே போர்வை மாதிரி சீஸ். உயரத்தைக் கண்ணால் அளந்தேன். அறுபது குச்சி வரும். நடக்காது. கத்தியும் முள்கரண்டியும் கேட்டு வாங்கி, ஒவ்வொரு தளமாகக் கழற்றினேன். வெங்காயத்தை முதலில் வைத்தேன். வலது பக்கமாக மெல்ல, மிக மெல்ல மென்றேன். இனிப்பு. புகை. அப்புறம் உப்பு, ஒரு நிமிடம் கழித்து எங்கிருந்தோ கடுகின் காரம். சுவைகள் தனித்தனியாக, ஒன்றின்பின் ஒன்றாக வந்து உட்கார்ந்தன. இரண்டு மாதமாக எல்லாவற்றையும் ஒன்றாக அரைத்துக் குடித்தவளுக்கு இது போதாதா? கண் தானாகவே மூடிக்கொண்டது.

என் கீழுதட்டுக்கு உணர்ச்சி இல்லை. சாஸ் வழிந்தது தெரியவில்லை. பச்சைத் தொப்பி டிஷ்யூவை என் கைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

பிறகு ஸ்டூலைத் துடைத்துக்கொண்டே அவள்தான் பேச்சுக் கொடுத்தாள். "இந்த ஜன்னல் சீட்டுக்கு ஒருத்தர் இருக்கார்மா. வியாழக்கிழமை ஆனா வந்துடுவார். லிஃப்ட் ரிப்பேர் பண்றவராம். முதல் தடவை வந்தது ஜனவரியில, ஒரு செவ்வாய்க்கிழமை. கடை திறந்ததும் வந்தார். மூணு பர்கர் சாப்பிட்டார், ஒரு வார்த்தை பேசல. எதிர்ல ஆஸ்பத்திரி கேட்டையே பாத்துக்கிட்டு. எங்க சமையல்காரர் பயந்தே போயிட்டார், இந்த ஆளுக்கு ஏதாவது ஆயிடப் போகுதுன்னு."

ஜனவரியில் செவ்வாய்க்கிழமை.

என் ஆபரேஷன் செவ்வாய்க்கிழமை.

மார்ச் 18, புதன்

மயக்கம் தெளிந்து கண்ணைத் திறந்தபோது பக்கத்தில் நாத்தனார்தான் இருந்தாள். அவர் இல்லை. குழாய் செருகிய வாய், பேச முடியாது. காற்றில் விரலால் எழுதிக் கேட்டேன். "அண்ணன் கீழ ஓரமா நின்னு அழுதுக்கிட்டு இருக்கான் அண்ணி. யார் கூப்பிட்டாலும் காதுல விழல" என்றாள்.

அந்த ஒரு படத்தை வைத்துக்கொண்டுதான் நான் அந்த வாரத்தைக் கடந்தேன். சுவரோரம் நின்று அழும் ஒரு முதுகு. வலி ஏறும்போதெல்லாம் அதை எடுத்துப் பார்ப்பேன்.

மூணு பர்கரா?

மார்ச் 19, வியாழன்

பதிமூன்று குச்சி. குச்சி டாக்டர் கை தட்டினாள். நான் அங்கேயே இல்லை.

இந்தத் தடவை நானே கேட்டு அரை மணி முன்னால் கிளம்பி, ரோட்டைக் கடந்து கடைக்குள் போனேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, கண்ணை மூடி மென்றபடி உட்கார்ந்திருந்தார். பக்கத்து ஸ்டூலில் ஏறி உட்கார்ந்தேன். திரும்பினார். வாய் நிறைய பர்கர். துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் அப்படியே இருந்தார், கன்னம் உப்பி. என் ஆபரேஷனுக்கு முந்தின முகம் மாதிரி.

"முதல்ல முழுங்குங்க" என்றேன்.

விழுங்கினார். நேரம் பிடித்தது.

"இன்னிக்கு மட்டும்தான்..." என்று ஆரம்பித்தார்.

"ஜனவரி பதிமூணாம் தேதியும் வந்தீங்களா?"

அவர் கையிலிருந்ததைப் பலகையில் வைத்தார். சுற்றியிருந்த காகிதத்தை மடித்தார். மறுபடி மடித்தார்.

"பசிச்சுது" என்றார். "உன்னை உள்ள தள்ளிக்கிட்டுப் போனாங்க. கதவு மூடிச்சு. அடுத்த நிமிஷம் பசி. அந்த மாதிரி ஒரு பசி எனக்கு வந்ததே இல்லை. பயமா இருக்கணும், அழுகை வரணும், எதுவும் வரல. பசிதான் வந்துச்சு. எதிர்ல கடை திறந்திருந்துது."

"மூணு."

"ஆமா, மூணு." தலையைத் தூக்கவில்லை. "சாயந்தரம் மறுபடி வந்தேன். நான் இங்க உட்கார்ந்திருக்கும்போதுதான் டாக்டர் வெளில வந்து என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கார். மூணு தடவை கூப்பிட்டாராம். தங்கச்சிதான் போய் நின்னா. உயிர் பொழைச்சுட்டான்னு டாக்டர் சொல்ற நேரத்துல நான் உருளைக்கிழங்கு வறுவல் தின்னுக்கிட்டு இருந்தேன்."

"அதுக்காகத்தான் கடிக்க மாட்டேன்னு சொன்னீங்களா?"

"அப்படித்தான் நெனச்சேன். மூணு வாரம் இருந்தேன், சத்தியமா. அப்புறம் நீ வியாழக்கிழமை அந்தக் கேட்டுக்குள்ள போக ஆரம்பிச்ச. நீ உள்ள இருக்கறப்ப எனக்கு வேற எங்கயும் நிக்க முடியல. இந்த ஸ்டூல்லதான் வந்து உட்காரத் தோணுது. உட்கார்ந்தா... பசிக்குது."

பச்சைத் தொப்பி பாதி தூரம் வந்து, எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, திரும்பிப் போய்விட்டாள்.

ஸ்கூட்டரில் ஒன்றாகத்தான் வீட்டுக்கு வந்தோம். வழியெல்லாம் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அழாத முதுகு.

மார்ச் 21, சனி

பேசவில்லை. அவர் சூப் வைத்தார். குடித்தேன். அவர் குடிக்கவில்லை, எதுவும் சாப்பிடவும் இல்லை. எனக்கென்ன.

மார்ச் 24, செவ்வாய்

நாத்தனார் வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"அவனைத் திட்டாதீங்க அண்ணி. பொய் சொன்னது நான். கண்ணைத் திறந்ததும் நீங்க முதல்ல அவனைத்தான் தேடினீங்க. அந்த நேரத்துல நான் என்னன்னு சொல்றது? எதிர்ல உட்கார்ந்து பர்கர் திங்கறான்னா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், தாடை இழுத்தது. வலியும் சிரிப்புமாகக் கண்ணில் தண்ணீர். அதைப் பார்த்து அவள் அழ ஆரம்பித்தாள். அப்புறம் நான் அவளைத் தேற்ற வேண்டியதாயிற்று. நல்ல கூத்து.

மார்ச் 29, ஞாயிறு

மழை. நாள் முழுக்க ஜன்னலோரம் படுத்திருந்தேன். தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. அந்த அழும் முதுகை மறுபடி எடுத்துப் பார்க்க முயன்றேன். வந்தது, ஆனால் யாரோ முன்பின் தெரியாதவர் மாதிரி நின்றது. உற்றுப் பார்த்தால் அது அவர் முதுகே இல்லை. ஏதோ சினிமாவில் பார்த்தது.

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று பதற்றத்தில் தட்டு முழுக்க இருந்த பிஸ்கட்டைத் தீர்த்தவர். அவருடைய அப்பா போன அன்று, காரியமெல்லாம் முடிந்ததும், அடுப்படியில் நின்றபடி எட்டு ரொட்டி சாப்பிட்டவர். நான்தானே சுட்டுப் போட்டேன்? அப்போது அது எனக்குத் தப்பாகவே தெரியவில்லையே. அழுதுகொண்டு நிற்கிறவரை எனக்குப் பழக்கமில்லை. பசித்தவரைத்தான் பத்தொன்பது வருஷமாகத் தெரியும்.

ஆனாலும் — பேரைக் கூப்பிட்டப்போ அங்க இருந்திருக்கலாம். இருந்திருக்கலாம்தான். அது வலிக்கிறது. வலிக்கட்டும். இரண்டும் இருக்கட்டும்.

ஏப்ரல் 2, வியாழன்

பயிற்சி முடிந்து அவருக்குப் போன் செய்தேன்.

"எங்க இருக்கீங்க?"

"வேலையில." கொஞ்சம் பொறுத்து, "நிஜமாவே வேலையில."

"கடைக்கு வாங்க. பசிக்குது."

இருபது நிமிடத்தில் வந்தார். கையில் கிரீஸ். கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். இரண்டு சொன்னேன். எனக்கு வந்ததைக் கழற்றி அடுக்கினேன்: பன் ஒரு பக்கம், கறி ஒரு பக்கம், வெங்காயம் நடுவில். அவர் தன்னுடையதைத் தொடவே இல்லை.

"சாப்பிடுங்க."

"நீ..."

"நான் என் பாட்டுக்குச் சாப்பிடறேன். நீங்க சாப்பிடறதைப் பாக்கணும். அன்னிக்குப் பஸ்லேர்ந்து சரியாத் தெரியல."

தயங்கித் தயங்கி எடுத்தார். கடித்தார். முதலில் பயந்துகொண்டு, ஓரமாக. அப்புறம் அந்த வாய் திறந்தது. கீழ்த் தாடை இறங்கி, கன்னம் நீண்டு, பற்கள் பன்னில் பதிந்து, உள்ளே ஏதோ மொறுக்கென்று உடைந்தது. வெயில் அவர் காதின் ஓரத்தைச் சிவப்பாக்கியிருந்தது. தாடையின் கீழே அந்தச் சின்ன எலும்பு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இதையெல்லாம் நான் ஒருநாளும் பார்த்ததில்லை. பத்தொன்பது வருஷம் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டு, தட்டைத்தான் பார்த்திருக்கிறேன். பார்க்கப் பார்க்க என் வாயிலும் அதே சுவை நிறைந்தது, என் கரண்டியில் இருந்ததைவிடப் பெரிதாக. அவர் கண்ணை மூடினார். நானும் மூடினேன். அடுப்படியில் கறி பொரியும் சத்தம் தூரத்து மழை மாதிரி இருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.

கண்ணைத் திறந்தபோது அவர் அழுதுகொண்டிருந்தார். மென்றுகொண்டே.

டிஷ்யூவை அவர் கைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

மே 4, திங்கள்

வேலைக்குப் போனேன். மெஷின் மேல் டீக்கறை. முதல் லென்ஸைத் தேய்த்து விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். மதியம் எல்லோருடனும் சாப்பிட்டேன்.

ஜூன் 11, வியாழன்

குச்சி டாக்டர் இன்று சிரிக்கவில்லை. பதினேழுக்கு மேல் போகாது என்றாள். "அது போதும்கா, எல்லாத்துக்கும் போதும்." பர்கரை முழுசாகக் கடிக்கப் போதாது. சரி. பஸ் ஏறும்வரை கொஞ்சம் அழுகை. ஏறினதும் நின்றது.

ஜூலை 4, சனி

கடையில் நல்ல கூட்டம். எங்களுக்கு ஜன்னல் சீட்டு கிடைக்கவில்லை. பச்சைத் தொப்பி எங்களை நடுவில் இருந்த நீள மேஜையில், ஒரு வயதான தம்பதிக்கு எதிரே உட்கார வைத்தாள். அந்த அம்மாவுக்கு மறுநாள் இடுப்பு ஆபரேஷனாம், இன்று அட்மிஷன். மாலை நான்கு மணிக்குத்தான் படுக்கை தருவார்களாம். அவர் கணவர் எதையும் தொடாமல் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டிருந்தார்.

நான் பன்னைக் கழற்றி அடுக்குவதை அந்த அம்மா கொஞ்ச நேரம் பார்த்தார். "நல்லா இருக்கே, இப்படியும் சாப்பிடலாமா?" என்றார். "இப்படித்தான் நல்லா இருக்கும்" என்றேன். அவரும் கத்தி கேட்டு வாங்கிக்கொண்டார்.

அப்போது என் வீட்டுக்காரர், யாரும் கேட்காமலே, எதிரிலிருந்த பெரியவரிடம் சொன்னார்: "இவளுக்கு இதே ஆஸ்பத்திரியிலதான் ஆபரேஷன். ஒன்பது மணி நேரம். அந்த நேரத்துல நான் எங்க இருந்தேன் தெரியுமா? இங்கதான். இதே கடையில. மூணு பர்கர் தின்னேன்."

பெரியவர் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார், நான் என்ன சொல்லப்போகிறேன் என்று.

"சாயந்தரம் தின்னதை விட்டுட்டீங்க" என்றேன்.

"ஆமா, சாயந்தரம் ஒரு உருளைக்கிழங்கு வறுவல்."

"பெரிய பொட்டலம்."

"பெரிய பொட்டலம்தான்" என்று ஒத்துக்கொண்டார்.

அந்த அம்மாதான் முதலில் சிரித்தார். பெரியவர் சிரிக்கவில்லை. தன் பலகையைக் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துக்கொண்டு, இரண்டு கையாலும் பர்கரை எடுத்தார்.